எல்லாருக்கும் போயிருக்கா?

1

"கரண்ட்டு பொஸ்தகத்துல கெடையாது பிள்ள. கம்பத்துல கெடக்கு."

பொறியியல் கல்லூரியில் மின்னியல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்த வாரம், எங்கள் தெரு வயர்மேன் சுடலை அண்ணாச்சி சொன்னது இது. கம்பத்தின் மேலே நின்று, வாயில் ஒரு துண்டு வயரைக் கடித்துக்கொண்டு சொன்னார். கீழே அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். பக்கத்திலேயே நான் ஆங்கிலத்தில், சுழித்துச் சுழித்து, கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் காகிதத்தில் விழுந்த முதல் கையெழுத்து அது. அந்தப் பெருமையில் இருந்தவளுக்கு அண்ணாச்சியின் பேச்சு பிடிக்குமா?

"மொதல்ல நீங்க எறங்குங்க அண்ணாச்சி. அப்பாவுக்குக் கை வலிக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அண்ணாச்சியின் வாய் பொல்லாதது. படித்து முடித்து, முருகேசனைக் கல்யாணம் செய்து, மெல்பர்ன் வந்து, ஒரு மின் விநியோக நிறுவனத்திலேயே வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வேலையில் புத்தகமும் இல்லை, கம்பமும் இல்லை. காதில் ஒரு ஹெட்செட். "கரண்ட் இல்லை" என்று கூப்பிடுகிறவர்களின் முகவரியைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். என் பட்டம் செல்லும் என்று ஒரு கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டிய இடத்திலெல்லாம் "உள்ளூர் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். கோவில்பட்டியிலும் ஐம்பது ஹெர்ட்ஸ், மெல்பர்னிலும் ஐம்பது ஹெர்ட்ஸ். மின்சாரத்துக்கு இல்லாத உள்ளூர் வெளியூர் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

2

எங்கள் வீடு மெல்பர்னின் மேற்கு ஓரம், டார்னெய்ட்டில் இருக்கிறது. வெரிபீக்கு வடக்கே விரிந்து கிடக்கும் சமவெளி. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மரம் என்று பார்த்தால், நகராட்சி நட்டு, இரண்டு பக்கமும் குச்சி கட்டி வைத்திருக்கும் கன்றுகள். அந்தக் கன்றைவிடக் குச்சி தடிமனாக இருக்கும். காற்றுக்குத் தடை சொல்ல இந்த வெளியில் யாரும் கிடையாது. குப்பை சேகரிக்கும் நாளில் வாசலில் வைத்த சக்கரத் தொட்டி, மாலையில் நாலு வீடு தள்ளி நிற்கும். எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள். தொட்டிகளுக்கு மட்டும் நிரந்தர முகவரி இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் சிரமம் இருந்தது. யார் பேசினாலும் சார், மேடம் என்றேன். ஒருநாள் ஒரு கிழவர் "நான் சார் இல்லை, நான் பாப்" என்றார். "சரி, பாப் சார்" என்றேன். பக்கத்து நாற்காலி ஜென்னி, என் மேற்பார்வையாளர், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

கூப்பிடுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அச்சடித்துத் தந்திருந்தார்கள். அதில் முதல் கேள்வி, "அக்கம்பக்கத்து வீடுகளிலும் மின்சாரம் இல்லையா?" என்பது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கரண்ட் போன மறு நொடி பிறக்கும் கேள்வியாயிற்றே இது. யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். உள்ளேயிருந்து குரல் வரும்: "எல்லாருக்கும் போயிருக்கா?" எல்லாருக்கும் போயிருந்தால் நிம்மதி. விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நமக்கு மட்டும் போயிருந்தால்தான் பதற்றம், சுடலை அண்ணாச்சிக்கு ஆள் அனுப்புவது எல்லாம்.

கேள்வி ஒன்றுதான். நமக்கு அது கடைசிக் கேள்வி. இவர்களுக்கு முதல் கேள்வி. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு புயல் வர வேண்டியிருந்தது.

3

அது வந்து இப்போது ஓராண்டு ஆகிறது. ஒரு புதன்கிழமை. காலையில் வடக்கேயிருந்து காற்று தொடங்கியது. மதியத்துக்குள் வானம் செம்மண் நிறமாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பேச ஆள் இல்லாமல் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைச் சுவரில் ஒரு பலகை காட்டும். அன்று அதில் இடம் போதாமல் எண் உறைந்து நின்றுவிட்டது. மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, கூரை பறந்தது என்று பன்னிரண்டு மணி நேரம் எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால் தெரு முழுக்க இருட்டு. முருகேசன் வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் போயிருக்கா?" என்றேன்.

"எல்லாருக்கும்."

"சரி."

அந்தச் "சரி"யைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தெருவே வாசலுக்கு வந்திருந்தது. எதிர்வீட்டு யோகம் அன்ரி தன் குசினியில் கேஸ் அடுப்பு இருந்ததால் எல்லாருக்கும் தேநீர் போட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆனவர். கரண்ட் இல்லாத ஊர்களில் அவருக்கு இருந்த அனுபவத்தின் முன்னால் என் கோவில்பட்டியெல்லாம் விளையாட்டு. யாருடைய வீட்டிலிருந்தோ பறந்து வந்த, பிள்ளைகள் குதித்து விளையாடும் டிராம்போலின் ஒன்று எங்கள் வேலியில் சாய்ந்து நின்றது. அதற்கு உரியவர் யார் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்று நகராட்சி பின்னால் எழுதியது. அது வேறு கதை. டிராம்போலின் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் பயிற்சி ஊழியர் ஒருவரை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. வலைப்பின்னல் முழுவதையும் திரையில் பார்த்து, எங்கே எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் இடம். வெளி அனுபவம் கேட்காத, உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கான வாய்ப்பு. இப்படி ஒன்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம் என்றாள் ஜென்னி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். என் சான்றிதழ்களின் பிரதிகள், பாதி நிரப்பிய விண்ணப்பம் எல்லாம் வீட்டு மேசைக் கணினிக்குள் இருந்தன. அதில் ஒரே ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதியிருக்கவில்லை: "நீங்களே கண்டுபிடித்த ஒரு மின்பழுதைப் பற்றி எழுதுக."

எழுத என்னிடம் எதுவும் இல்லை. எல்லாப் பழுதையும் வேறு யாரோ கண்டுபிடித்தார்கள். நான் முகவரி எழுதினேன்.

"நாளைக்கு வந்துரும்" என்றான் முருகேசன். வியாழக்கிழமை மதியம் டார்னெய்ட் பக்கம் மின்சாரம் திரும்பிவிட்டது என்று அலுவலகத் திரையிலேயே பார்த்தேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஜகஜோதியாக இருந்தது. எங்கள் தெருவில் அதே இருட்டு.

"வரிசையாக் குடுத்துட்டு வர்றாங்க போல. நாமதான் கடைசித் தெரு" என்றான் முருகேசன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஊரில் கரண்ட் தெருத்தெருவாகத்தானே நடந்து வரும்.

4

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை பத்து மணி ஆகியும் கரண்ட் வரவில்லை. யோகம் அன்ரியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் ஆரணி, பதினான்கு வயது, பள்ளிக்கூடம் புயல் சேதத்தால் மூடியிருந்ததால் சோபாவில் படுத்திருந்தாள்.

"என்ன பிள்ளை, கறண்ட் எப்ப வருமாம்?" என்றார் அன்ரி.

"தெரியல அன்ரி. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"எங்களிட்ட ஆர் சொல்லப்போகினம்? நீர்தானே அங்க வேலை செய்யிறீர்."

சோபாவிலிருந்து ஆரணி தலையைத் தூக்கினாள். அவள் தமிழில் பேசி நான் கேட்டது இரண்டே முறை. இரண்டு முறையும் பூனையிடம். இப்போதும் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். இந்தத் தெருவிலிருந்து யாராவது போன் செய்து சொன்னீர்களா என்று.

நான் அன்ரியைப் பார்த்தேன். அன்ரி என்னைப் பார்த்தார்.

"நீர் சொல்லியிருப்பீர் எண்டு நாங்கள் இருந்திட்டம்" என்றார் அன்ரி. "நான் மட்டுமில்லை பிள்ளை, முழுத் தெருவும் அப்பிடித்தான் சொன்னது. பேச்சி கறண்ட் ஒஃபிசில இருக்கிறா, எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை எண்டு."

இரண்டு நாளாக ஊரில் உள்ள எல்லாருடைய கரண்ட்டையும் எழுதியவள் என் தெருவை எழுதவில்லை. சொந்த முகவரியைத் திரையில் திறக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அதன்மேல் பழியைப் போடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கு அது தோன்றவே இல்லை. எல்லாருக்கும் போயிருந்தது, அதோடு என் கடமை முடிந்துவிட்டது.

ஆரணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. கண்ணை உருட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

5

என் செல்போனில் சார்ஜ் இல்லை. முருகேசன் காரை எடுத்துக்கொண்டு வெரிபீ ஸ்டேஷனுக்குப் போய், ரயிலேறி வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டுத் தொலைபேசி கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். தெருவிலேயே உயிரோடு இருந்தது அன்ரியின் குசினிச் சுவரில் மாட்டியிருந்த பழைய வயர் போன் ஒன்றுதான். அதில் எங்கள் அலுவலகத்து எண்ணையே அழைத்துவிட்டு, நாற்பது நிமிடம் நின்றுகொண்டு எங்கள் அலுவலகத்துப் பாட்டையே கேட்டேன். அது அவ்வளவு கொடுமையான பாட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஜென்னிதான் எடுத்தாள். அச்சடித்த வரிசைப்படி ஆரம்பித்தாள்.

"ஜென்னி, நான் பேச்சி."

"பேச்சி, உன் தெருவுக்கு நேற்றே வந்துவிட்டதே. என் திரையில் அப்படித்தான் இருக்கிறது."

"என் வீட்டில் அப்படி இல்லை."

அவள் விதியைச் சொன்னாள். எனக்கே தெரிந்த விதி. ஒரு வீட்டிலிருந்து மட்டும் அழைப்பு வந்தால் அது அந்த வீட்டுப் பழுது. பட்டியலின் அடியில் போடுவார்கள், திங்கட்கிழமை ஆகலாம். ஒரே தெருவிலிருந்து பல அழைப்புகள் வந்தால்தான் அது தெருவின் பழுது. கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

"ஒரு அரை மணி நேரம் கொடு" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்றை உறுதி செய்ய வேண்டியிருந்தது. டார்னெய்ட்டில் கம்பங்கள் இல்லை, கம்பியெல்லாம் மண்ணுக்குள். தெருமுனையில் இடுப்புயரத்துக்கு ஒரு பச்சை இரும்புப் பெட்டி நிற்கும். அதற்குள்ளேதான் டிரான்ஸ்ஃபார்மர். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதன் உறுமலில் படித்து, உறுமலில் தூங்கியவள் நான். உறுமல் நின்றால் விழித்துக்கொள்வேன்.

அடுத்த தெருவுக்கு நடந்தேன். அங்கே பெட்டிக்கு ஓரடி தள்ளி நின்றேன். உறுமியது. எங்கள் தெருமுனைக்கு வந்து, குனிந்து காதைக் கொடுத்தேன். நாய் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் என்னை நெடுநேரம் பார்த்தாள். காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முக்கியக் கம்பியில் மின்சாரம் திரும்பியபோது இந்தப் பெட்டியின் ஃபியூஸ் போயிருக்கிறது. திரைக்கு அது தெரியாது. யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும்.

பிறகு வீடு வீடாகப் போனேன். ஐந்து வீடுகளில் ஆள் இருந்தார்கள். எல்லாரையும் அன்ரியின் குசினிக்குக் கூட்டிவந்து கதிரைகளில் உட்கார வைத்து, போனில் எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்கக் கூடாது. மீன் கெட்டுப்போன கதை வேண்டாம். முதலில் முகவரி, அடுத்து தெருமுனைப் பெட்டியின் ஃபியூஸ். ஆரணி குசினி மேடைமேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

அதற்குள் அழைப்புகள் குறைந்திருந்ததால் பாட்டு பத்து நிமிடத்தில் நின்றது; ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் பேசினார்கள். அந்த வீட்டுக்கு உரிய அன்ரி மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை.

"நான் கதைக்கமாட்டன் பிள்ளை."

"ஏன் அன்ரி?"

"பேர் கேப்பாங்கள்."

"கேட்பாங்க. சொல்லுங்க."

"பேர் குடுத்தா லிஸ்ட்டில போடுவாங்கள்."

"அன்ரி, லிஸ்ட்டுல போடத்தான் இவ்வளவு பாடு."

"உமக்கென்ன, நீர் சொல்லுவீர்" என்று தேநீர்க் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வாழ்ந்த இடத்தில், வாழ்ந்த காலத்தில், பட்டியலில் பெயர் ஏறுவது என்பது என்னவென்று யோசித்ததும் நான் போனைச் சுவரிலேயே மாட்டிவிட்டேன். நாங்கள் கரண்ட் போனால் எட்டிப் பார்த்துச் சமாதானமானோம். அவர் வெளிச்சமில்லாத வீட்டில் சத்தம் காட்டாமல் இருந்து பழகியவர்.

ஆரணி மேடையிலிருந்து குதித்தாள். போனை எடுத்தாள். பத்து நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டாள். முகவரியைச் சொன்னாள். பெயர் கேட்டார்கள் போல. தன் பெயரையே எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "சரிதானே அம்மா?" என்றாள்.

தமிழில். மூன்றாவது முறை. இந்த முறை பூனை அங்கே இல்லை.

6

இரண்டரை மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கெவின் என்பவர் அன்ரியின் போனுக்கு அழைத்தார். பெட்டியின் ஃபியூஸ் என்று யார் சொன்னது என்று கேட்டார். நான் என்றேன். எப்படித் தெரியும் என்றார். பக்கத்துப் பெட்டி உறுமுகிறது, இது உறுமவில்லை என்றேன்.

"காதை வைத்தா கேட்டாய்?"

"ஓரடி தள்ளி."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆள் அனுப்புகிறேன்" என்றார்.

நாலேகாலுக்குத் தெருவுக்குக் கரண்ட் வந்தது. ஒன்பது வீட்டுக் குளிர்பெட்டிகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். நான் கணினிக்கு ஓடினேன். அது, போன முறை தன்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்று குறை சொல்லி, தன் வயிற்றைத் தானே சோதிக்கத் தொடங்கியது. பத்து விழுக்காடு. பதினொன்று. மாவாட்டும் கல்கூட இதைவிட வேகமாகச் சுற்றும். அது முடிந்து, இணையம் வந்து, விண்ணப்பம் திறந்தபோது நாலு ஐம்பது.

பழுதைப் பற்றிய அந்தக் கேள்வி அப்படியே காலியாக இருந்தது. யோசிக்க நேரம் இல்லாததால் உண்மையை எழுதினேன். ஒன்பது வீடுகள், மூன்று நாட்கள், ஓர் ஊழியர், ஓர் அழைப்புகூட இல்லை. பழுது பெட்டியில் இருந்தது என்று காதால் கண்டுபிடித்தேன். இருட்டு மூன்று நாள் நீடித்ததற்குக் காரணம் நான் என்று ஒரு பதினான்கு வயதுப் பெண் கண்டுபிடித்தாள். அனுப்பியபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

நேர்முகத்தில் கெவினும் உட்கார்ந்திருந்தார். என் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "புதன்கிழமையே ஏன் கூப்பிடவில்லை?"

"எல்லாருக்கும் போயிருந்தது" என்றேன்.

அவர் சிரித்து முடிக்க நேரமானது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் வேலை கிடைத்தது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. "அங்கயுமா கரண்ட்டு போவுது? அப்ப எதுக்குத் தாயி அம்புட்டுத் தூரம்?" என்றாள். அன்று கோவில்பட்டியிலும் கரண்ட் இல்லை. எல்லாருக்கும் போயிருக்கா என்று கேட்டேன். எல்லாருக்கும் போயிருந்ததாம். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

யோகம் அன்ரியின் குளிர்பெட்டியில் இப்போது எங்கள் அழைப்பு எண் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. போன மாதம் ஒருநாள் அரை மணி நேரம் கரண்ட் போனபோது ஆரணி எனக்கு முன்னால் கூப்பிட்டுவிட்டாள். பேர் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். "அவள் அடிச்சுத் தந்தாள், பேர் குடுத்தது நான்தான்" என்றார் அன்ரி, கோப்பையைத் துடைத்தபடி. "எண்டாலும் முழுப் பேர் குடுக்கேல்லை."

கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன்னால் உட்காரும்முன், பயிற்சி ஊழியர்கள் ஆறு மாதம் வெளியே களப்பணிக் குழுவோடு வேலை பார்க்க வேண்டும். எனக்கு அளவான பூட்ஸ் கிடைக்கவில்லை. ஆண்களின் மிகச் சிறிய அளவில் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டேன். சென்ற திங்கட்கிழமை பயிற்சித் திடலில் முதன்முறையாகக் கம்பம் ஏறினேன். மேலே நின்றபோது சமவெளி முழுவதும் தெரிந்தது. கீழே ஏணியைப் பிடித்திருந்த ஆள் என்னைப் பார்த்துக் கத்தினார், அங்கே என்ன தெரிகிறது என்று. எனக்குச் சுடலை அண்ணாச்சி ஞாபகம் வந்தது. அன்று மாலை அப்பாவைப் போனில் பிடித்து, அண்ணாச்சிக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னேன்: நான் ஏறிப் பார்த்துவிட்டேன், கம்பத்திலும் கரண்ட் கிடையாது.

பயிற்சிக் கம்பத்துக்கு இணைப்பே கொடுப்பதில்லை என்பதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

இணைப்பு உள்ள கம்பத்துக்கு அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிப்போகிறார்கள். விரும்புகிறவர்கள் பெயர் எழுதலாம் என்று நேற்றுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் போனபோது அது காலியாக இருந்தது. முதல் வரியில், அதே பழைய சுழிப்போடு, முழுப் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன்.